கட்டிய அடுப்பும் எரிகிற அடுப்பும்

மகனே,

அரசாங்கம் கட்டிக்கொடுத்த புகையில்லா அடுப்பை நான் காலால் உதைத்து உடைத்துவிட்டேன் என்று ஊரில் ஒரு பேச்சு ஓடுகிறது. அது மொரப்பூர் ஸ்டேஷன் டீக்கடை வரைக்கும் போய், அங்கிருந்து உன் மாமனார் வீட்டுக்குப் போய், டில்லியில் உன் காதுக்கும் எட்டிவிட்டது என்று போன வாரம் தெரிந்துகொண்டேன். அந்தப் பேச்சைத் திருத்தினால்தான் மற்றதை என்னால் எழுத முடியும். நான் உதைக்கவில்லை. களி கிண்டினேன். அடுப்பு உடைந்தது உண்மை. என் கால் அதன் விளிம்பில் இருந்ததும் உண்மை. ஆனால் காலை ஊன்றுவது வேறு, உதைப்பது வேறு. வித்தியாசம் தெரியாதவர்கள் தங்கள் வீட்டில் ஒரு பானை களி கிண்டிப் பார்த்துவிட்டு என்னைப் பற்றிப் பேசட்டும்.

தபாலாபீஸ் போனில் நீ பேசிக்கொண்டிருக்கும்போதே நான் வைத்துவிட்டேன். லைன் அறுந்துவிட்டது என்று போஸ்ட்மாஸ்டர் உன்னிடம் சொன்னாராம். அவர் நல்ல மனிதர், என் மானத்தைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறார். லைன் அறுந்து போகவில்லை, நான்தான் வைத்தேன். பின்னால் நாலு பேர் நின்றுகொண்டிருக்கும்போது மகனோடு சண்டை போடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. அதனால் சொல்ல வேண்டியதை எழுதுகிறேன். இது ஒளித்துப் படிக்க வேண்டிய கடிதம் இல்லை. உன் மனைவி படிக்கட்டும். உன் ஆபீஸில் தமிழ் தெரிந்தவர் யாராவது இருந்தால் அவரும் படிக்கட்டும். பங்குச் சாமியாரிடம் ஏற்கெனவே வாசித்துக் காட்டிவிட்டேன். ஒரே ஒரு வார்த்தையை மட்டும் மாற்றச் சொன்னார், மாற்றிவிட்டேன்.

போன கிறிஸ்துமஸுக்கு நீ வந்திருந்தபோது, சாப்பிட்ட தட்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டு எனக்கும் உன் மனைவிக்கும் உன் வேலையைப் பற்றி விளக்கினாய். நிலக்கரியும் பெட்ரோலும் மரமும் எரிய எரியக் கரியமில வாயு ஆகாயத்தில் சேர்கிறது, அது கம்பளி மாதிரி பூமியைப் போர்த்திக்கொண்டு சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது என்றாய். ஒவ்வொரு நாடும் எவ்வளவு விடுகிறது, குறைப்பதற்கு என்ன செய்திருக்கிறது என்று மற்ற நாடுகளுக்கு முன்னால் சொல்ல வேண்டிய காலம் வருகிறது என்றாய். நம்மைப் போன்ற நாடுகளில் அளக்கக் கருவியும் இல்லை, ஆளும் இல்லை, அதனால் இருக்கிற எண்களை வைத்து மதிப்பிடத்தான் முடியும் என்றும் சொன்னாய். எப்படி மதிப்பிடுவாய் என்று நான் கேட்டேன்.

"புகையில்லா அடுப்பு ஒண்ணு வருஷத்துக்கு இவ்வளவு விறகை மிச்சம் பண்ணும்னு ஒரு கணக்கு இருக்கும்மா. நாட்டுல இருக்கிற அடுப்பு எண்ணிக்கையால அதைப் பெருக்குவோம். அவ்வளவு மரம் எரியல, அவ்வளவு வாயு மேல போகலன்னு ஆகும்."

"நாட்டுல இருக்கிற அடுப்பை யாரு எண்றது?"

"மாநிலத்துல இருந்து வரும். மாநிலத்துக்கு ஜில்லாவுல இருந்து. ஜில்லாவுக்கு ஒன்றியத்துல இருந்து."

"ஒன்றியத்துக்கு?"

"உங்கள மாதிரி மாதர் சங்கத் தலைவிங்ககிட்ட இருந்துதான்" என்று சொல்லிச் சிரித்தாய். உன் மனைவியும் சிரித்தாள். எனக்கு அன்றைக்குப் பெருமையாக இருந்தது. நான் கையெழுத்துப் போடுகிற ஒரு எண் ஒன்றியம், ஜில்லா, சென்னை, டில்லி என்று ஏறிப் போய், என் மகன் கையில் சேர்ந்து, அவன் அதை எடுத்துக்கொண்டு கடல் தாண்டிப் போகப்போகிறான். கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்ததும் இதை எத்தனை பேரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. இப்போது உனக்கு வந்திருக்கிற சங்கடத்துக்கு அந்தப் பெருமையும் ஒரு காரணம். நான் சொல்லாமல் இருந்திருந்தால், கையெழுத்துப் போடாத ஒரு கிழவியைப் பற்றி யாரும் உன்னிடம் வந்து பேசியிருக்க மாட்டார்கள்.

அடுப்பு நம் ஊருக்கு எப்படி வந்தது என்று உனக்குத் தெரியாது, சொல்கிறேன். கஸ்தூரி என்று ஒரு பெண், மாரண்டஹள்ளிக்காரி, நம் பகுதிக்குக் கிராம சேவிகாவாக வந்தாள். தற்காலிக வேலைதான், வருடா வருடம் நீட்டித்தால் உண்டு. சுறுசுறுப்பான பெண். முழங்கை வரைக்கும் களிமண்ணைப் பூசிக்கொண்டு, வீடு வீடாக உட்கார்ந்து, அடுப்பு போடுகிறவர்களோடு சேர்ந்து தானும் மண் பிசைந்தாள். ஒவ்வொரு அடுப்புக்கும் இரண்டு வாய், ஒன்றில் உலை வைத்தால் மற்றதில் குழம்பு கொதிக்கும். பின்னால் ஒரு சிமென்ட் குழாய் கூரையைத் தாண்டி நிற்கும். புகையெல்லாம் அதன் வழியாகப் போய்விடும். என் வீட்டில் நான் சோறுதான் வடிக்கிறேன், ஒரு ஆளுக்கு ஒரு பிடி அரிசி. அந்த அடுப்பு எனக்கு மிக நன்றாக உழைத்தது. கண் எரியவில்லை, விறகும் பாதிதான் ஆயிற்று. ஆகவே அடுப்பின் மேல் எனக்கு எந்த விரோதமும் கிடையாது. என்னைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

எல்லா வீட்டிலும் போட்டு முடித்ததும், மந்திரித்து வைக்க வேண்டும் என்று பெண்கள் கேட்டார்கள். உனக்குத் தெரியும், நம் ஊரில் புதுக் கிணற்றுக்கும் புது வண்டிக்கும் சாமியார் தீர்த்தம் தெளிக்காமல் யாரும் கை வைக்க மாட்டார்கள். பஞ்சாயத்து ரேடியோவைக்கூட மந்திரித்துவிட்டுத்தான் திருகினார்கள். நல்லதுதானே என்று நானே போய்ச் சாமியாரை அழைத்து வந்தேன். அவரும் அங்கியைப் போட்டுக்கொண்டு வீடு வீடாக வந்தார். இந்து வீடுகளைத் தாண்டிப் போகப் பார்த்தபோது மாதம்மா வாசலிலேயே மறித்துக்கொண்டாள். "எங்க வூட்டுக்கும் ரெண்டு சொட்டு தெளிச்சிட்டுப் போங்க சாமி. அடுப்புக்கு என்னாங்க மதம்?" என்றாள். சாமியார் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். அன்றைக்கு ஊரே சந்தோஷமாக இருந்தது. அதிலிருந்து என்ன விளையப்போகிறது என்று படித்த நானும் யோசிக்கவில்லை, குருமடத்தில் படித்த அவரும் யோசிக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒன்றியத்திலிருந்து ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார். பெயர் வேண்டாம். கெட்ட மனிதர் இல்லை, அவசரக்காரர், அவ்வளவுதான். ஜீப் தெருவில் மெதுவாகப் போக, அவர் வெளியே தலையை நீட்டிக் கூரைகளுக்கு மேலே தெரிகிற குழாய்களை எண்ணிக்கொண்டே போனார். தெருக்கோடியில் ஜீப் திரும்பியபோது கணக்கு முடிந்துவிட்டது. என் வீட்டு வாசலில் இறங்கி, மோர் குடித்துவிட்டு, ஒரு தாளை நீட்டினார். அதில் இரண்டு இடம் இருந்தது. அமைக்கப்பட்ட அடுப்புகள் என்று ஒன்று, பயன்பாட்டில் உள்ளவை என்று ஒன்று. இரண்டிலும் ஒரே எண்ணை அவரே எழுதி வைத்திருந்தார். கீழே தலைவியின் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"உள்ளே போய்ப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

"என்னாத்துக்குங்கம்மா? குழா தெரியுதில்லீங்களா. குழா இருந்தா கீழ அடுப்பு இருக்கும்."

"அடுப்பு இருந்தா?"

"இருந்தா எரியுமுங்க. எரிக்காம பின்ன, பொட்டு வெச்சுக் கும்புடுவாங்களா?"

கும்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள் என்று அப்போது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் தெரியாத ஒன்றுக்குக் கீழே கையெழுத்துப் போட எனக்குக் கை வரவில்லை. மறுபடியும் வாருங்கள், நான் பார்த்து வைக்கிறேன் என்றேன். அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. உன் பெயரைச் சொல்லி, "தம்பி டெல்லியில இருக்காரு, அவருக்குத்தானுங்க இதெல்லாம் போவுது" என்றார். அதனால்தான் பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்றேன்.

கான்வென்டில் எங்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் ஒருவர் இருந்தார். பூ வேலை செய்த துணியைக் கொண்டுபோய்க் காட்டினால், முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். வாங்கியதும் திருப்பிவிடுவார். பின்பக்கத்தில் நூல் எப்படி ஓடியிருக்கிறது, எங்கே முடிச்சு விழுந்திருக்கிறது என்று பார்த்துத்தான் மார்க் போடுவார். அந்த வயதில் அவரைப் பிடிக்காது. நாற்பது ஐம்பது வருடம் கழித்து, கையில் குடையை எடுத்துக்கொண்டு நம் ஊர் வீடுகளின் பின்பக்கமாக நடந்தபோது அவருடைய ஞாபகம்தான் வந்தது. அநேகமாக ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் மூன்று கல் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. முன்னால், கூரைக்கு மேலே, குழாய் சுத்தமாக நின்றுகொண்டிருந்தது.

முதலில் சவரியம்மா வீடு. உனக்கு அவளைத் தெரியும், சின்ன வயதில் உனக்கு அவள் வீட்டுப் பணியாரம்தான் வேண்டும். இப்போது அவள் கண் இரண்டும் எந்நேரமும் நீர் வடிந்துகொண்டே இருக்கிறது, பேசத் தொடங்கினால் இருமல் வந்து பாதியில் நிறுத்திவிடுகிறது. தர்மபுரி ஆஸ்பத்திரியில் புகையில் சமைக்காதே என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவள் வீட்டுப் புது அடுப்பு சுண்ணாம்பு பூசி, கோலம் போட்டு, பளிச்சென்று இருந்தது. முதல் வாயின் மேல் ஒரு பலகை, பலகையின் மேல் மாதா படம், படத்துக்குக் கனகாம்பரம். இரண்டாவது வாயில் மெழுகுவர்த்தி.

"என்ன சவரியம்மா இது?"

"மந்திரிச்ச அடுப்புங்க. அதுல எப்பிடிங்க கருவாடு வறுக்கறது? சாமியார் தீர்த்தம் தெளிச்ச எடத்துல கவிச்சி படலாமுங்களா? நல்ல நாள்ல பாயசம் வெச்சேன், போதுமுங்க."

"கண்ணு இப்படி இருக்கே?"

"கண்ணு போனா போவுது, பாவம் வரக்கூடாதில்லீங்க" என்றாள்.

மாதம்மா வீட்டில் அந்தச் சிக்கல் இல்லை. அவள் தீர்த்தத்துக்கெல்லாம் பயப்படுகிறவள் இல்லை. அவளுடைய அடுப்பின் இரண்டாவது வாயில் வைக்கோல் போட்டு, ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. நான் குனிந்து பார்த்ததும் அது என்னைக் கொத்த வந்தது.

"எதமா இருக்குதாமுங்க அதுக்கு. காத்தும் வருது பாருங்க, குழா வழியா."

"நீ ஏன் இதில் சமைக்கல?"

"மாஸ்டரம்மா, நீங்க சோறாக்கறவங்க. உங்களுக்கு எரியும். எங்க வூட்டுல களிங்க. ஒருக்கா கிண்டினேன், வெரிசல் வுட்டுடுச்சு. இன்னொருக்கா கிண்டினா வுழுந்துரும். கவருமெண்டு குடுத்தத ஒடச்சா புடிச்சிக்கிட்டுப் போயிருவாங்கன்னு எம்மாமியா சொல்லிருச்சு. அதான் கோழிக்குக் குடுத்துட்டேன்."

நான் நம்பவில்லை. மண் ஒழுங்காகப் பிசையவில்லை என்று சொன்னேன். கஸ்தூரியின் வேலையை எனக்குத் தெரியும் என்பதால், நீ முரட்டுத்தனமாகக் கிண்டியிருப்பாய் என்றும் சொன்னேன். மாதம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அப்ப நீங்க கிண்டிக் காட்டுங்க" என்றாள். நான் கிண்டிக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். உனக்கு என்னைத் தெரியும், சொன்னால் செய்துவிடுவேன்.

அன்று சாயங்காலம் என் சமையலறையில் நிற்க இடமில்லை. மாஸ்டரம்மா களி கிண்டுகிறாராம் என்று கேள்விப்பட்டு மேலத்தெருவிலிருந்தெல்லாம் வந்துவிட்டார்கள். ராகி மாவு சவரியம்மாவுடையது, பானையும் துடுப்பும் மாதம்மாவுடையது. பானையை இறக்கிவைத்துக் கிண்டுகிற ஊர்களும் உண்டு. நம் ஊரில் அடுப்பின் மேலேயே, கவட்டைக் குச்சியால் பானையின் கழுத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை அடுப்பு விளிம்பில் ஊன்றிக்கொண்டுதான் கிண்டுவார்கள். இறக்கினால் கட்டி தட்டிவிடும் என்பது இவர்கள் கட்சி. நான் பிறந்த வீட்டிலும் கிண்டியதில்லை, உன் அப்பாவும் களி கேட்டதில்லை. மாவு இறுக ஆரம்பித்ததும் துடுப்பு நகர மாட்டேன் என்றது.

"கரண்டி புடிக்கிற மாதிரி புடிச்சா ஆவுங்களா? இடுப்பக் குடுங்க, இடுப்ப!" என்றாள் சவரியம்மா இருமலுக்கு நடுவே. இடுப்பைக் கொடுத்தேன், காலையும் ஊன்றினேன். இரண்டு வாய்க்கும் நடுவில் இருந்த மண் சுவர் முதலில் பிளந்தது, அப்புறம் முன்பக்கம் முழுவதும் உட்கார்ந்துவிட்டது. பானை சாய்ந்து களி தரையில் கொட்டியது. யார் மேலும் படவில்லை, அது கடவுள் கிருபை. பிறகு மாதம்மா மேலே கூரையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"ஏனுங்க மாஸ்டரம்மா, குழா அப்பிடியேதானுங்க நிக்கிது. இப்ப உங்க அடுப்பு கணக்குல உண்டுங்களா, இல்லீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் இரவு படுத்தபோது அந்தக் கேள்வி போகவில்லை. உண்டு என்றுதான் பதில். ஜீப்பிலிருந்து பார்த்தால் உண்டு. ஒன்றியத்தில் உண்டு, ஜில்லாவில் உண்டு. நீ பெருக்குகிற கணக்கில், தரையில் மண்ணாகக் கிடக்கிற என் அடுப்பு வருடம் முழுவதும் விறகை மிச்சம் பிடித்துக்கொண்டிருக்கும். மாதம்மாவின் கோழியும் மிச்சம் பிடிக்கும்.

மறுபடி வந்த அதிகாரியிடம், அமைக்கப்பட்டவை என்ற இடத்தில் அவர் எழுதியது சரி என்றேன். பயன்பாட்டில் உள்ளவை என்ற இடத்தில் இருந்ததை ஒரே கோடாக அடித்துவிட்டு, நான் என் கண்ணால் பார்த்ததை எழுதினேன். ஒரு கையின் விரல்களுக்குள் அடங்குகிற எண் அது. கீழே கையெழுத்துப் போட்டேன். அவர் அதை வாங்காமல் கிளம்பிவிட்டார். அடித்த தாள் செல்லாதாம். கஸ்தூரி அவர் பின்னாலேயே ஓடினாள், திரும்பி வந்து என் வாசல்படியில் உட்கார்ந்து அழுதாள். "எம்பேருலதானுங்க எல்லா அடுப்பும். எரியலன்னா என் வேலய நீட்டிக்க மாட்டாங்க. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா என்னாங்க?" என்றாள். அந்தப் பெண்ணுக்கு நான் கஷ்டம் கொடுத்திருக்கிறேன், அது எனக்குத் தெரியும்.

அதற்கு அடுத்த நாள்தான் உன் போன். நீ என்ன சொன்னாய் என்பதை உனக்கே எழுதிக் காட்டுகிறேன், நான் தவறாகக் கேட்டிருந்தால் திருத்து. "அம்மா, எல்லா ஊர்லயும் போட்டாச்சு. நீங்க ஒருத்தர்தான் பாக்கி. இது வெறும் சம்பிரதாயம்" என்றாய். பிறகு குரலைத் தாழ்த்தி, "வெளியில போய் நம்ம நாட்டைச் சின்னதாக் காட்ட முடியாதும்மா. அவங்க கார் காரா ஓட்டி, ஃபேக்டரி ஃபேக்டரியா எரிச்சு ஆகாயத்தை ரொப்பிட்டு, நம்ம சமையக்கட்டைக் கணக்குக் கேக்கறாங்க" என்றாய். அந்த இரண்டாவது பேச்சில் நியாயம் இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது. சவரியம்மாவின் கருவாட்டுச் சட்டியும் அவர்கள் ஊர்க் காரும் ஒரே தராசில் நிற்கக் கூடாது. அதை நீ அங்கே எழுந்து நின்று சொல்ல வேண்டும், வேகமாகப் பேசி வார்த்தைகளை விழுங்காமல் சொல்ல வேண்டும். பேச்சுப் போட்டி நாளிலிருந்து உனக்கு அந்தக் குறை உண்டு.

ஆனால் ஒன்றை யோசித்துப் பார். சவரியம்மாவின் புகை நின்றுவிட்டது என்று நீயே எழுதிக் கொடுத்துவிட்டால், அப்புறம் அவளுக்காக எதைக் கேட்பாய்? நல்ல அடுப்பு போடப் பணம் வேண்டும், சாண எரிவாயு வேண்டும் என்று நம் நாடு நாளைக்குக் கேட்டால், உங்களுக்குத்தான் எல்லாம் இருக்கிறதே, நீங்களே எழுதியிருக்கிறீர்களே என்று அந்தத் தாளையே திருப்பிக் காட்டமாட்டார்களா? உன் தாளில் அவள் புகை நின்றுவிட்டது. அவள் வீட்டில் நிற்கவில்லை. நாட்டைச் சின்னதாகக் காட்டக் கூடாது என்று நீ நினைத்தாய். சவரியம்மா இல்லவே இல்லை என்று ஆக்கிவிட்டாய்.

உன் அப்பா ரயில்வேயில் எத்தனையோ சின்ன ஸ்டேஷன்களில் மாஸ்டராக இருந்தவர். அவர் மேசையில் வண்டி வர வேண்டிய நேரம் ஒரு பத்தியில் அச்சிட்டிருக்கும், வந்த நேரத்தை அடுத்த பத்தியில் அவர் எழுதுவார். ஒரு கோடை விடுமுறையில் நீ அங்கே உட்கார்ந்துகொண்டு, வண்டி தினமும் தாமதம், அதை எழுதினால் நமக்குத்தானே கெட்ட பெயர், சரியான நேரத்தையே எழுதிவிடலாமே என்று கேட்டாய். புத்திசாலிப் பிள்ளை என்று போர்ட்டர்கூடச் சிரித்தார். உன் அப்பா சிரிக்கவில்லை. "ரெண்டு பத்தியும் ஒண்ணா இருந்தா ஒரு பத்தி எதுக்கு? நடுவுல இருக்கிற வித்தியாசத்தைப் பாத்துதான் எந்த எடத்துல தண்டவாளம் சரியில்ல, எந்தப் பாலத்துல வண்டி தயங்குதுன்னு மேல இருக்கிறவன் கண்டுபுடிப்பான். நான் அதை அழிச்சா தண்டவாளம் அப்படியேதான் கெடக்கும்" என்றார். அவர் போன பிறகு உனக்கு நான் எத்தனையோ புத்தி சொல்லியிருக்கிறேன், பாதி உனக்குத் தேவையில்லாதது. கம்பளிச் சட்டை எடுத்துக்கொள், மனைவி பேசும்போது பேப்பர் படிக்காதே, இதெல்லாம் நீ மறந்தாலும் பெரிய நஷ்டமில்லை. அவர் சொன்ன இந்த ஒன்றை மறந்துவிடாதே. அன்றைக்கு உனக்குப் புரிந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். அழுது முடித்த கஸ்தூரி, மறுநாள் காலையில் மண்வெட்டியோடு வந்து என் உடைந்த அடுப்பின் முன் உட்கார்ந்தாள். மாதம்மாவையும் கூப்பிட்டு, எங்கே காலை ஊன்றுவாய், எந்தப் பக்கம் இழுப்பாய் என்று கேட்டுக் கேட்டு, முன்சுவரைத் தடிமனாக வைத்து, கால் ஊன்ற ஒரு பட்டைக் கல்லைப் பதித்து, உயரத்தைக் குறைத்துப் போட்டாள். இரண்டு பேரும் நாள் முழுக்கச் சண்டை போட்டார்கள். காய்ந்த பிறகு மாதம்மா கிண்டினாள், நின்றது. சவரியம்மா விஷயத்துக்கு நான் சாமியாரிடம் போனேன். அவர் சங்கடப்பட்டார். மந்திரித்தது சமைப்பதற்குத்தான் என்று பிரசங்கத்தில் சொல்கிறேன் என்றார். பிரசங்கம் போதாது, நேரில் வந்து சாப்பிடுங்கள் என்றேன். வந்தார். சவரியம்மா மாதா படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, கஸ்தூரி அதே மாதிரி திருத்திப் போட்டிருந்த அடுப்பைப் பற்றவைத்தாள். களியும் கருவாட்டுக் குழம்பும் செய்து பரிமாறினாள். சாமியார் இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "பாவமில்லீங்களே சாமி?" என்று அவள் மூன்று தடவையாவது கேட்டிருப்பாள். "உப்பு கொஞ்சம் கம்மி, அதுதான் பாவம்" என்றார்.

இப்போது அவள் வீட்டுக் குழாயிலிருந்து புகை வருகிறது. குழாயிலிருந்து புகை வந்தால் நான் சந்தோஷப்படுகிறேன், அதையும் எழுதிக்கொள். இன்னும் சில வீடுகளில் அடுப்பைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். எல்லா வீட்டிலும் இல்லை. கூரை வீடுகளில் புகை இல்லாவிட்டால் மூங்கிலைப் பூச்சி அரிக்கிறது என்று சிலர் ஒத்துக்கொள்ளவே இல்லை. அதற்கு எனக்கு இன்னும் வழி தெரியவில்லை. மாதம்மாவின் கோழி குஞ்சு பொரித்து இறங்கும் வரைக்கும் அவள் அடுப்பில் கை வைக்க முடியாது.

ஆனால் ஒன்றியத்து அதிகாரி வேறு வேலையாக இந்தப் பக்கம் வந்தபோது ஒரு சங்கதி சொன்னார். நான் கையெழுத்துப் போடாததால் அவர் காத்திருக்கவில்லையாம். மாதக் கடைசிக்குள் எண் போக வேண்டியிருந்ததால், இரண்டு இடத்திலும் முழு எண்ணைப் போட்டு நம் ஊரையும் சேர்த்து மேலே அனுப்பிவிட்டாராம். "நீங்க கவலப்படாதீங்கம்மா, நம்ம ஊரு விட்டுப்போவல" என்று ஆறுதல் சொன்னார். ஆகவே, என் கையெழுத்து இல்லாமலேயே என் உடைந்த அடுப்பும் கோழியும் மாதா படமும் உன் மேசைக்கு வந்து சேர்ந்துவிட்டன. இனி அதைத் திருத்த ஒன்றியத்தால் முடியாது, என்னாலும் முடியாது. அடுத்த மாதம் விமானம் ஏறுவதற்கு முன் அந்தத் தாளைத் தொடப்போகிற கடைசி ஆள் நீதான்.

நாடு முழுவதும் போய் அடுப்படியைக் குனிந்து பார்த்துவிட்டு வா என்று நான் சொல்லவில்லை. உன்னால் முடியாது என்று தெரியும். பத்து ஊருக்கு ஆள் அனுப்பி உள்ளே போய்ப் பார்த்தால்கூட ஒரு மதிப்பீடு கிடைக்கும், அது உன் படிப்பு, எனக்குத் தெரியாது. அதற்கும் நேரம் இல்லையென்றால், கட்டியவை இவ்வளவு, எரிகிறவை எவ்வளவு என்று எங்களுக்கு இன்னும் தெரியாது என்றாவது எழுதலாம். தெரியாது என்று எழுதுவதில் ஒரு நாட்டுக்கு என்ன குறை வந்துவிடும்? கஸ்தூரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவள் வேலையை நீட்டிக்கச் சொல்லி யாரிடமும் சிபாரிசு செய்யாதே, அது வேறு ஒரு பொய்யில் போய் முடியும். உடைந்த அடுப்பைத் திருத்திப் போட்டவள் இவள் என்று உன் தாளில் எங்காவது இடம் இருந்தால், பெயர் போடாமல், அப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று எழுது. எரியாததை எழுதினால் வேலை போகும் என்ற பயம் இருக்கிற வரைக்கும் உனக்குச் சரியான எண் எந்த ஊரிலிருந்தும் வராது.

என் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. இடது கண்ணில் புரை வளர்கிறது. அது வயதால் வந்தது, புகையால் அல்ல, யாராவது வேறு மாதிரி சொன்னால் நம்பாதே. இந்தக் கடிதத்தை நானே எழுதியிருக்கிறேன், வரிகள் கொஞ்சம் சாய்ந்திருந்தால் அதற்காகத்தான்.

உன் தாளில் இரண்டு பத்தி போடப்போகிறாயா, ஒரு பத்தியா? போனில் சொல்ல வேண்டாம். எழுதிப் பதில் அனுப்பு.

உன் அம்மா